தண்டனையை விட்டுச் சாட்சியத்தைப் பிடியுங்கள்

பாளையங்கோட்டையில் சட்டம் படித்த காலத்தில், இஸ்லாமியக் குற்றவியல் சட்டமும் நம் நாட்டுச் சட்டமும் தனிமனித சுதந்திரத்தை எவ்வாறு காக்கின்றன என்ற ஒப்பீட்டு வினா மாதிரித் தேர்வில் வந்தது. ஹுதூத் (அளவு வரையறுக்கப்பட்ட தண்டனைகள், ஒருமையில் ஹத்து), கிஸாஸ் (பழிக்குப் பழி), தஃஸீர் (நீதிபதி முடிவு செய்வது) என்று தண்டனைகளை வகைபிரித்து மூன்று பக்கம் எழுதினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில், "தண்டனை சரி, நிரூபிப்பது யார், எப்படி?" என்று சிவப்பு மையில் கேட்டிருந்தது.

அதன் பிறகுதான் மேலப்பாளையத்தில் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். விபச்சாரக் குற்றத்துக்கு நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அவரோ நான்கு விரல்களை நீட்டி, ஒன்றை மடக்கிக் காட்டினார். "நாலாவது ஆள் பின்வாங்கிட்டாருன்னா, மத்த மூணு பேரு முதுகுலயும் எம்பது அடி விழும், தம்பி" என்றார். அவதூறுக்குக் குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் விதிக்கும் 80 கசையடியைத்தான் அப்படிச் சொன்னார். ஐயம் இருந்தால் ஹத்துத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியையும், இவ்வகைக் குற்றங்களில் ஒப்புக்கொண்டவர் பின்னர் மறுத்தால் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் அதை ஏற்பதையும் இதே வினா உங்களுக்கும் வந்தால் இதோடு சேர்த்து எழுதுங்கள். எல்லா மத்ஹபும் (சட்ட மரபும்) ஒன்றே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருமணமாகாத பெண்ணின் கர்ப்பத்தை மாலிகி மத்ஹப் சான்றாகக் கொள்ளும், ஷாஃபியும் ஹனஃபியும் கொள்ளா.

நம் நாட்டுச் சட்டத்துக்கு அரசியலமைப்பின் 20(3) (தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய உறுப்புகளை எல்லோரும் எழுதுவார்கள். நான் ஓர் அரிவாளை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். போலீஸ் காவலில் இருப்பவர், "அவனை வெட்டிய அரிவாளைத் தாமிரபரணிக் கரையில் உடைமரத்தடியில் புதைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்கிறார். அவர் காட்டிய இடத்தில் அரிவாளும் கிடைக்கிறது. புதைத்த இடம் அவருக்குத் தெரியும் என்ற அளவே சாட்சியமாகும். 'வெட்டிய' என்ற சொல் நீதிமன்றத்துக்குள் நுழையாது. புலுக்கூரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் கால உச்ச மேல்முறையீட்டு மன்றம்) வகுத்த எல்லை இது. உண்மை கண்டறியும் ஊசி மருந்தை ஒருவருக்கு அவர் இசைவின்றிச் செலுத்தக் கூடாது என்ற 2010ஆம் ஆண்டின் செல்வி வழக்குத் தீர்ப்பையும் அடுத்து வைத்தால், ஒருவரின் வாயிலிருந்து வருவதை வைத்தே அவரைத் தண்டிக்க இரு சட்டங்களும் தயங்குவது விளங்கும்.

மதிப்பெண் கூடும் இடம், இந்தக் காப்பு தளரும் பகுதிதான் என்பது என் கணிப்பு. தஃஸீரில் சாட்சிய அளவுகோல் இளகி, காஸியின் (நீதிபதியின்) விருப்புரிமை விரிகிறது. இங்கேயும் 1987ஆம் ஆண்டின் தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், பொதுவாகச் சாட்சியமாகாத காவல்துறை ஒப்புதலை, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்திருந்தால் சாட்சியமாக ஏற்றது. இரண்டையும் அருகருகே வைத்து எழுதியவர் எங்கள் வகுப்பில் ஒருவர் மட்டுமே, அது நானல்ல.

காவல்துறை ஒப்புதல் பற்றிய, சாட்சியச் சட்டத்தின் பழைய 25, 26, 27 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. பழைய வழக்குகளை மேற்கோள் காட்டும்போது இரண்டு எண்களையும் எழுதுங்கள்.