விலகல் கடிதம் தராமல் வெளியே வந்த அனுபவம்

2020 ஊரடங்கில் விளம்பர வருவாய் வற்றியதும், நான் உதவி ஆசிரியராக இருந்த சென்னை நாளிதழ் முதலில் இணைப்பிதழ்களை நிறுத்தியது, பிறகு பக்கங்களைக் குறைத்தது, அதன்பின் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியது. ஆனால் மனிதவளப் பிரிவின் பேச்சில் ஆட்குறைப்பு என்ற சொல்லே இல்லை. "நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க சார், ஒரு மாசச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கொடுத்துடறோம்" என்றார்கள். ஊரில் எந்த ஆலை மூடினாலும் செய்தி போட்ட எங்கள் அலுவலகத்தின் ஆட்குறைப்பு, எந்த நாளிதழிலும் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தால் என்னென்ன கைவிட்டுப் போகும் என்பதைச் சங்கத்து மூத்தவர் ஒருவர் விளக்கினார். அப்போது நடைமுறையில் இருந்த 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டப்படி, ஒழுங்கு நடவடிக்கையாக அன்றி நிர்வாகம் பணிநீக்கம் செய்தால் மூன்றாண்டுப் பணிக்கே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்றிருந்தது. தாமாக விலகுபவரோ, பொதுவாகப் பத்தாண்டு முடித்திருக்க வேண்டியிருந்தது. நான் நான்காண்டுதான் முடித்திருந்தேன் என்பதால், ஐந்தாண்டு கேட்ட அன்றைய பொதுவான பணிக்கொடைச் சட்டமும் எனக்கு உதவவில்லை. ஆட்குறைப்பு என்றால் மூன்று மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தனியாகத் தரப்பட வேண்டியிருந்தது.

பணியில் தொடரவே விரும்புவதாக மின்னஞ்சலில் பதில் எழுதிவிட்டு, அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படுவதற்குள் பணி நியமன ஆணையையும் சம்பளச் சீட்டுகளையும் தரவிறக்கி வைத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே சில வாரங்களில் பணிநீக்க ஆணை வந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் துறையில் தொழில் தகராறாக மனு கொடுத்தேன். பேச்சுவார்த்தையில் என் செயல்திறன் போதவில்லை என்று நிர்வாகத் தரப்பு வாதிட்டபோது, சமரச அலுவலர், "குற்றச்சாட்டுக் குறிப்பாணை எங்கே, விசாரணை அறிக்கை எங்கே?" என்று மட்டும் கேட்டார், இரண்டுமே அவர்களிடம் இல்லை. வாய்தாக்கள் இழுத்தடித்தன. கடைசியில் முன்னறிவிப்புச் சம்பளமும் பணிக்கொடையும், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்படி சமரச அலுவலர் முன் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக முடிந்தன. வேலை திரும்பக் கிடைக்கவில்லை; நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் அலைய என் குடும்ப நிலையும் இடந்தரவில்லை.

அதே காலத்தில் தொலைக்காட்சியில் வேலை இழந்த நண்பருக்கு இந்த வழியும் இருக்கவில்லை, ஏனெனில் 1955 சட்டம் அச்சு ஊடகத்தோடு நின்றுவிட்டது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்னணு, எண்ம ஊடகத்தாரையும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது நல்ல மாற்றமே. ஆயினும் நான் இப்போது பணியாற்றும் செய்தித்தளத்தில் காகிதத்தின்படி நான் ஊழியனே அல்லன், ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் 'ஆலோசகர்'. வருங்கால வைப்பு நிதி கிடையாது, 10 சதவீத வரிப் பிடித்தம் போக மீதி கைக்கு வருகிறது, சம்பளக்காரர்களுக்கான வரிப் பிடித்தச் சான்றிதழுக்குப் பதிலாக, சம்பளமல்லாத வருவாய்க்கான சான்றிதழைத் தருகிறார்கள். எனவே ஷிப்ட் அட்டவணைகளையும், விடுப்புக்குச் செய்தி ஆசிரியர் ஒப்புதல் தரும் மின்னஞ்சல்களையும் மாதந்தோறும் சேமித்து வருகிறேன். நான் அங்கே ஊழியன்தான் என்று நிறுவ வேண்டி வந்தால், காட்டுவதற்கு அவை இருக்கும்.