முன்பதிவுக் கொப்பி

12.01.2022, புதன்

நாளை மறுநாள் பொங்கல். பொங்கலுக்குப் புத்தகம் கையில் இருக்கும் என்று சொல்லித்தான் ஒக்டோபரில் காசு கட்டச் சொன்னார்கள். பழைய சித்திரக்கதைகளின் தொகுப்பு, கெட்டி அட்டை, 200 பிரதி மட்டும். போடுகிறவர் கொழும்புப் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சித்திரக்கதை மேல் உள்ள ஆசையில் தனி ஆளாகச் செய்கிறார். பிரதி 2,400 ரூபா. மட்டக்களப்பு கல்லடியில் என்னுடைய போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்துபோகிறவர்களில் 9 பேரைச் சேர்த்துவிட்டது நான்தான். என்னோடு 10 பேர், 24,000 ரூபா. பெயரும் தொகையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் பெயர் ஆரையம்பதி சேருடையது. வயது 70ஐத் தாண்டிவிட்டது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் இறக்குவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றி, அட்டை கழன்று இவரிடம் வருமாம், இவர் அதை ஊசி நூலால் தைத்து வைப்பாராம். அப்படிச் சேர்த்த ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் 1978 நவம்பர் 23 சூறாவளியில் நனைந்துபோனது. வெயிலில் காயவைத்துப் பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் உரிந்து அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். அந்தக் கதைகளில் இரண்டு இந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அதனால்தான் ஓய்வூதியத்தில் இருந்து காசு எடுத்துத் தந்தார்.

02.03.2022, புதன்

ஜனவரியில் "இன்னும் இரண்டு கிழமை" என்று ஒரு வட்ஸ்அப் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அனுப்பிய நான்கு செய்தியும் பார்க்கப்பட்டிருக்கிறது, பதில் மட்டும் இல்லை.

20.03.2022, ஞாயிறு

கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்துவிட்டார்கள். என் கடையிலும் அதே கதைதான். ஏ4 கட்டு ஒன்று போன வருடம் வாங்கிய விலையை விட இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது, அதுவும் கேட்ட அளவு தருகிறார்கள் இல்லை. 200 ரூபாவில் கட்டிவைத்திருந்த டொலரை இந்த மாதம் அவிழ்த்துவிட்டதும் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அச்சகத்துக்கு வேண்டிய தாள், மை, பிளேட் எல்லாம் வெளியில் இருந்துதான் வரவேண்டும். 2,400 ரூபா என்று ஒக்டோபரில் கணக்குப் போட்ட மனிதருக்கு இப்போது அந்தக் காசில் உள்தாள்கூடக் கிடைக்காது. இது எனக்கு நன்றாக விளங்குகிறது, வந்து கேட்கிறவர்களுக்கும் அவருக்காக நானே இதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அதை அவர் ஒரு வரியில் எழுதிப் போட்டால் என்ன?

01.04.2022, வெள்ளி

நேற்று 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடையைத் திறந்து வைத்துச் சும்மா இருந்தேன்.

இரவு கரண்ட் வந்து போனைப் போட்டால் அவரிடம் இருந்து ஒரு செய்தி. எங்கள் புத்தகத்தைப் பற்றி இல்லை. இன்னொரு புத்தகத்துக்கு முன்பதிவு தொடங்குகிறதாம், ஏப்ரல் 30க்கு முன் கட்டினால் 300 ரூபா குறைவாம். வாசித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஆறு மாதமாக 10 பேரின் காசை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், அடுத்ததற்குக் கை நீட்டுவது எந்த நியாயம்? தாமதத்தை நான் பொறுப்பேன், இந்த வருடத்தில் யார்தான் எதைச் சொன்ன நாளுக்குச் செய்ய முடிகிறது. ஆனால் சேர் பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, கடைக்குள் ஏறாமல் வாசலில் நின்றபடி, "தம்பி, புத்தகம் வருமா வராதா எண்டு மட்டும் சொல்லு மகன், காசு பெரிசில்ல" என்று கேட்டபோது என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் காசு கொடுத்தது கொழும்பில் இருக்கும் முகம் தெரியாத ஆளிடம் இல்லை. என்னிடம்.

03.04.2022, ஞாயிறு

பதினோராவது தடவை அடித்தபோது எடுத்தார். நான் சத்தம் போடவில்லை. அவரே சொன்னார்: எங்கள் காசில் முக்கால்வாசி இதற்கு முந்திய புத்தகத்தின் அச்சகக் கடனுக்குப் போய்விட்டது. அடுத்த முன்பதிவில் வரும் காசை வைத்து எங்களுடையதை அடிக்க நினைத்தாராம். ஒப்செற் அச்சில் 200 பிரதியும் ஒரே மூச்சில் அடிக்க வேண்டும், 50 இன்று 150 பிறகு என்று அடித்தால் செலவு கட்டாது, ஆகவே முழுத் தாளும் சேரும்வரை இயந்திரத்தில் ஏற்ற முடியாது என்றார். அவர் கள்ளன் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஆனால் ஒருவர் காசில் இன்னொருவர் புத்தகம் என்று சுற்றிக்கொண்டே போனால் கடைசியில் நிற்கிறவன் கை வெறுங்கை. அதை அவரிடமே சொன்னேன். "எல்லாருக்கும் உண்மையை எழுதிப் போடுங்கோ அண்ணன், பாதிப் பேர் காத்திருப்பாங்க" என்றேன். சரி என்றார்.

எழுதவில்லை.

21.08.2022, ஞாயிறு

இந்த மாதம் 15ஆம் திகதியில் இருந்து தபால் கட்டணம் கூடிவிட்டது, 15 ரூபாக் கடிதம் 50 ரூபா. அதைக் காரணம் காட்டி ஆளுக்கு 350 ரூபா மேலதிகமாகக் கேட்டிருக்கிறார். கேட்டதில் பிழை இல்லை, நான்கு மாதத்தில் அவர் எழுதிய முதல் கடிதமே காசுக்காக இருந்ததுதான் பிழை. இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களுக்கு 4,800 ரூபாவை என் கையில் இருந்து கொடுத்துப் பெயரை வெட்டினேன். ஒருவர் 1977 என்ற இலக்கத்துக்கு அடித்துப் பாவனையாளர் அதிகார சபையிடம் முறையிடச் சொன்னார். அடிக்கலாம். பற்றுச்சீட்டு என்று என்னிடம் இருப்பது வங்கியில் போட்ட துண்டு ஒன்றுதான், அதில் புத்தகத்தின் பெயர்கூட இல்லை.

16.09.2022, வெள்ளி

வந்துவிட்டது. தபால்காரர் பெட்டியை இறக்கும்போது மூலை நசுங்கியிருந்தது. பத்தையும் மேசையில் அடுக்கி, ஈரத்துணியால் கை துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். நல்ல தாள். தையல் பைண்டிங், வெறும் பசை இல்லை, நடுவில் விரித்தால் வெள்ளை நூல் தெரிகிறது. கறுப்பு மை திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் பிடித்திருக்கிறது. இவ்வளவு அக்கறையாக வேலை செய்யத் தெரிந்த மனிதர் ஏன் எங்களை எட்டு மாதம் இப்படி விட்டார் என்று நினைத்தபோது இன்னும் கூடக் கவலையாக இருந்தது.

ஏழாவது பிரதியில் 33 முதல் 48 வரை இரண்டு தடவை வருகிறது, 49 முதல் 64 வரை இல்லை. ஒரே தாளில் அடித்து மடிக்கிற 16 பக்கத்துப் போம் ஒன்று மாறித் தைபட்டிருக்கிறது. அதை எனக்கு என்று ஒதுக்கி வைத்தேன். சேருக்கு எடுத்த பிரதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்து, கடையைப் பூட்டிவிட்டு நானே ஆரையம்பதிக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை இருக்கச் சொல்லக்கூட மறந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

குறைப் பிரதியைப் படம் எடுத்து, மாற்றித் தரும்படி கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார். இரவு 10 மணி ஆகியும் பதில் இல்லை. காலையில் கடை திறந்ததும் அடிக்க வேண்டும்.