அந்தச் சிறுபாலம் யாருடையது?

எங்கள் குடியிருப்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறுபாலத்தின் சிலாப் ஐப்பசி மழையில் உடைந்து உள்ளே இறங்கியது. புதுச் சிலாப் போட்டது ஆடியில். வேலை என்னவோ சில நாள் வேலைதான். நடுவில் போன மாதங்கள் எல்லாம் அந்தப் பாலம் எந்த அலுவலகத்துடையது என்று கண்டுபிடிப்பதிலேயே கரைந்தன. இன்னும் ஆற்றாமை தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மாநகராட்சியை ஒட்டிய ஊராட்சிகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இது கட்டாயம் உதவும்.

எங்கள் இடத்தின் அமைப்பு இது. பிரதான சாலைக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி. பிரதான சாலையிலிருந்து பிரிந்து வரும் தார்ச்சாலை ஒரு ஓடையைத் தாண்டி எங்கள் மனைப்பிரிவுக்குள் நுழைகிறது. தாண்டும் இடத்தில்தான் பாலம். சாலை ஒருவருடையது, ஓடை இன்னொருவருடையது, மனைப்பிரிவு வேறொருவருடையது என்றால் பாலம் யாருடையது? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. போன இடமெல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள்.

தெருவில் எல்லோரும் முதலில் சொன்னது, "வி.ஏ.ஓ.விடம் மனு கொடுங்கள்." கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறைக்காரர். பட்டா, சான்றிதழ், நில அளவை என்றால் அவர். பாலம், தெருவிளக்கு, குடிநீர், குப்பை எதுவும் அவர் கையில் இல்லை. அவற்றுக்கு ஊராட்சி செயலரைப் பார்க்க வேண்டும். இரண்டு அலுவலகமும் பல ஊர்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம் என்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் வி.ஏ.ஓ.வால் ஒரு நன்மை உண்டு. புல எண்ணைச் சொன்னால் அ-பதிவேட்டைப் பார்த்து, அந்த இடம் சாலையா, வண்டிப்பாதையா, ஓடைப் புறம்போக்கா என்று சொல்லிவிடுவார். எங்களுக்குச் சொன்னார், அதுவும் நின்ற நிலையில், முகம் சுளிக்காமல். பாலத்துக்கு அடியில் இருப்பது ஓடைப் புறம்போக்கு. (வருவாய்த் துறையின் இணையதளத்திலும் இதை நாமே பார்க்கலாம். புல எண் மட்டும் தெரிந்திருக்க வேண்டும், பத்திரத்தில் இருக்கும்.)

ஓடைப் புறம்போக்கு என்று தெரிந்ததும் ஊராட்சி அலுவலகத்தில் முகங்கள் மலர்ந்தன. "அப்படியானால் நீர்வளத் துறைதான் சார், எங்கள் லிமிட்டே இல்லை." மனுவை வாங்கக்கூட இல்லை. நான் நகரவில்லை என்றதும் அடுத்த கேள்வி வந்தது: "உங்கள் மனைப்பிரிவுச் சாலைகள் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா?"

இது பலருக்குத் தெரியாத சங்கதி. மனைப்பிரிவு போடுகிறவர் அதன் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் பதிந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவை ஊராட்சிச் சாலைகள் ஆகா. விளக்குப் போட, சாக்கடை வெட்ட மாட்டார்கள். நாம் வீட்டுவரி கட்டிக்கொண்டே இருக்கலாம், அது வேறு கணக்கு. எங்கள் மனைப்பிரிவுக்குப் பத்திரம் ஆகியிருக்கிறது. ஆனால் அதன் நகல் ஊராட்சியில் இல்லையாம், எங்களிடம் கேட்கிறார்கள்! எழுதி வாங்கியவர்களே அவர்கள்தானே என்று கேட்டதற்கு, "பழைய செயலர் காலத்தது" என்று பதில். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் எடுத்துக் கொடுத்தோம். மனை வாங்கும்போதே அதன் ஆவண எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் தேடுவது பெரும்பாடு.

நகலைக் கொடுத்ததும் மனுவை வாங்கினார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். காரணம், "ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தேனாம். எங்கள் மாவட்டம் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். தலைவர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. மக்களும் அங்கேதான் போகிறார்கள், அவரும் பாவம் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இப்போது அவரிடம் இல்லை.

தனி அலுவலர் என்றால் யார்? வட்டார வளர்ச்சி அலுவலர். சரி என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் உச்சத்தைத் தொட்டது. ஒன்றியத்துக்கு பி.டி.ஓ. ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. ஒன்றியத்தின் சொந்தச் சாலைகளும் வேலைகளும் முதலாமவரிடம். கிராம ஊராட்சிகளின் காரியங்கள் இரண்டாமவரிடம். வாசலில் இரண்டு பலகையும் இருக்கின்றன, ஆனால் தபால் வாங்கும் மேசை ஒன்று. அந்த எழுத்தர் எந்த பி.டி.ஓ. என்று கேட்கவும் இல்லை, நான் கேட்டபோது நிமிரவும் இல்லை. மனு கிராம ஊராட்சிப் பக்கம் போனது. அங்கிருந்து எங்கள் ஊராட்சி செயலருக்கே "உரிய நடவடிக்கைக்காக" அனுப்பப்பட்டது! ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிய மனுவைச் செயலர் என்னிடம் காட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதற்கிடையில் 1100 எண்ணில் முதல்வர் உதவி மையத்திலும் பதிந்தேன். பதிவது எளிது, எண்ணும் உடனே வரும். ஆனால் அங்கே பதிவதால் யாருடைய வேலை என்ற சிக்கல் தீர்ந்துவிடாது. நாம் சொல்வதை வைத்து ஏதோ ஒரு துறைக்கு அனுப்புவார்கள். அந்தத் துறை தன்னுடையது இல்லை என்று எழுதிவிட்டால் மனு முடிந்ததாகக் கணக்கு. என் மனுவை முடித்துவைத்த அலுவலகம் எழுதியது: "மனுதாரர் குறிப்பிடும் பணி இத்துறை சார்ந்ததல்ல." எந்தத் துறை சார்ந்தது என்று எழுத இன்னும் ஒரு வரி போதும். எழுதவில்லை. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கும் இதே கதிதான். கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். பிறகு எதைக் கேட்டாலும் அந்த எண்தான் கேட்பார்கள்.

நீர்வளத் துறை எளிதில் முடிந்தது. ஓடையில் நீர் போக்கில் தடை இருந்தால் சொல்லுங்கள், மேலே சாலை போட்டவர்தான் பாலத்துக்குப் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னார்கள். ஒரே வாக்கியம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இத்தனை நாளில் எவரும் இப்படிச் சொல்லவில்லையே என்று.

ஆக, சாலை யாருடையது என்று தெரிந்தால் பாலம் யாருடையது என்று தெரிந்துவிடும். மாநில, மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை என்று இரண்டு. பார்க்க எல்லாம் ஒரே தார்தான். ஒன்றியச் சாலைகளைத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றும் வேலையும் நடப்பதால் போன வருடம் ஒருவரிடம் இருந்தது இந்த வருடம் இன்னொருவரிடம் இருக்கலாம். உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த இளநிலை உதவியாளர் ஒரு பெண். பதிவேட்டை எடுத்து, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்து, "எங்கள் பட்டியலில் இல்லை அண்ணா, ஒன்றியச் சாலையாக இருக்க வேண்டும். ஆனால் வாயால் சொன்னால் அங்கே எடுபடாது, எழுத்தில் வாங்குங்கள்" என்றார். எழுத்தில் வாங்க வழியும் அவரே சொன்னார்.

அந்த வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பெறுநர் ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். இதில் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்கக் கூடாது. அது தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம். ஆவணத்தைக் கேட்க வேண்டும். நான் கேட்டது: இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையான சாலை எந்தப் பதிவேட்டில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும், கடைசியாக அதில் செலவு செய்த அலுவலகம் எது. இரண்டாவது, 6(3) பிரிவு. நாம் தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி, அதை நமக்கும் தெரிவிக்க வேண்டும். மற்ற எல்லா மனுவுக்கும் "எங்களுடையது இல்லை" என்பது தப்பிக்கும் வழி. இங்கே மட்டும் அப்படிச் சொன்னால் யாருடையது என்றும் சொல்லியாக வேண்டும். மனுவின் அடியில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

பதில் 30 நாள் கெடு முடிவதற்குச் சற்று முன் வந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் நகல், ஒன்றியச் சாலை, வரிசை எண்ணோடு. பச்சை மையில் கையெழுத்து. அந்தத் தாளை எத்தனை பேரிடம் காட்டினேன் என்று கேட்காதீர்கள், பால்காரர்கூடப் பார்த்துவிட்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. நகலை இணைத்து, "வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி)" என்று அடைப்புக்குறி உட்பட எழுதி நேரில் கொடுத்தேன். ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்தார், மதிப்பீடு போட்டார்கள், தேர்தல், நிதி என்று கொஞ்சம் இழுத்து, வேலை முடிந்தது.

தெருவிளக்குக்கும் இதே இழுபறி உண்டு என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கம்பமும் கம்பியும் மின்வாரியம், விளக்கு மட்டும் உள்ளாட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்னகம் 94987 94987. பல்பு எரியாவிட்டால் ஊராட்சி. "விளக்குக் கம்பத்தில் பிரச்சினை" என்று மொட்டையாகச் சொன்னால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். குடிநீரிலும் அப்படியே. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு வருவது ஊராட்சி. தொட்டி நிரம்புகிறதா என்று தொட்டி இயக்குபவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மனு எழுதுங்கள்.

பாலத்துக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. மதிப்பீட்டில் அது சேரவில்லையாம். எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இணைந்தால் பதிவேடுகள் எல்லாம் கைமாறும், மண்டல அலுவலகம், உதவி ஆணையர் என்று புதிய வாசல்கள் வரும். அதற்கு முன் சுவரை முடித்துவிட வேண்டும் என்று போன வாரமே மனு கொடுத்துவிட்டேன், பதிவேட்டு நகலின் இன்னொரு பிரதியோடு. இந்த முறை தபால் மேசை எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், "எந்த பி.டி.ஓ.வுக்கு?" என்று அவரே கேட்டார்.