வடிகால் எங்கே?

1990-களின் தொடக்கத்தில், திரவ எரிபொருள் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்ஜினுக்குத் திரவ ஆக்சிஜனைக் கொண்டுபோகும் குழாய்கள் என் பொறுப்பு. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் சுத்தம் செய்கிற வேலைதான். கழுவிக் காயவைத்த குழாயை இருட்டறையில் வைத்து, புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்போம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும். விரல்ரேகை அளவுக்குத் தெரிந்தாலும் குழாய் மறுபடி கழுவப் போய்விடும். திரவ ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் சின்ன அதிர்ச்சி போதும், பற்றிக்கொள்ளும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த டெக்னீஷியன். திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. நான் முதன்முதலில் வரைந்த குழாய்ப் படத்தை அவரிடம் கொண்டுபோய் விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, ஊத்துறதெல்லாம் சரி. சோதனை பாதியில நின்னுபோச்சுன்னா இத எப்படி வெளிய எடுப்பீங்க? வடிகால் எங்க?" என்றார். தாழ்வான ஒரு வளைவில் வடிகால் வால்வு போட மறந்திருந்தேன். இரண்டு வால்வுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் திரவ ஆக்சிஜன் சூடேறி ஆவியாகும். போக வழியில்லாவிட்டால் குழாயையே கிழித்துவிடும்.

அதற்கப்புறம் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் தாழ்வான இடத்தைத்தான் தேடும். நூலகத்தில் நாசாவின் பழைய அறிக்கைகள் மைக்ரோஃபிஷ் தகடுகளாக இருந்தன. சோதனை இல்லாத மதியங்களில் அவற்றைப் படிப்பேன். கட்டப்படாத ராக்கெட்டுகள், பறக்காத இன்ஜின்கள் என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

அதில் என்னை உலுக்கியது, அமெரிக்காவில் ராக்கெட்டைன் நிறுவனம் 1960-களின் கடைசியில் நாசாவுக்காகச் செய்து பார்த்த, மூன்று பொருள்களைச் சேர்த்து ஓட்டும் ஓர் இன்ஜின். லித்தியம், ஃபுளூரின், ஹைட்ரஜன். லித்தியமும் ஃபுளூரினும் எரிந்து பெரும் வெப்பத்தைத் தரும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு, எடை குறைந்த ஹைட்ரஜன் அதிவேகமாக வெளியேறும். ஒரு கிலோ எரிபொருள், ஒரு கிலோ எடையைத் தாங்கும் உந்துவிசையை எத்தனை விநாடி தருகிறது என்பதை நாங்கள் ஐஎஸ்பி என்போம். நல்ல ஹைட்ரஜன்-ஆக்சிஜன் இன்ஜினுக்கு அது வெற்றிடத்தில் 450 விநாடியை ஒட்டி வரும். இவர்களுக்கு 542 கிடைத்தது. வேதி எரிபொருளில் சோதித்துப் பார்த்த இன்ஜின்களில் இதைவிட உயர்ந்த எண் இல்லை.

அந்த எண்ணைப் படித்த அன்று சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. அப்புறம் அண்ணாச்சியின் கேள்வி வந்து நின்றது. ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபுளூரின் மைனஸ் 188-இல் கொதிக்கும். லித்தியமோ 180 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் திரவம். சோதனை நின்று குழாய் ஆறினால் லித்தியம் உள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். வடிகால் இருந்தும் பயனில்லை, வடிகாலையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுளூரின் வழியில் அழுக்கு இருந்தால் உலோகக் குழாயே எரியும். அதனால் முதலில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளூரின் வாயுவை விட்டு, உட்புறத்தில் ஒரு ஃபுளூரைடு படலத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதோடு, வெளியே வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற நச்சு வாயு. இத்தனையையும் கையாண்டு அந்த எண்ணை எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்கும். அந்த இன்ஜின் ஏன் பறக்கவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது.

சோவியத்தில் இன்ஜின் வடிவமைப்பாளர் குளுஷ்கோவின் குழு ஃபுளூரினும் அம்மோனியாவும் எரிக்கும் ஆர்டி-301 இன்ஜினைச் சோதனை மேடையில் நன்றாகவே ஓட்டியது. அதுவும் பறக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தவர் ராபர்ட் டுருவாக்ஸ். அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஏரோஜெட் என்ற ராக்கெட் இன்ஜின் நிறுவனத்துக்கு வந்தவர். 1962-இல் அவர் முன்வைத்த சீ டிராகன் என்ற ராக்கெட், 150 மீட்டர் உயரம், ஏறக்குறைய 18,000 டன் எடை. சுற்றுப்பாதைக்கு 550 டன் கொண்டுபோகும். கப்பல் கட்டும் தளத்தில் எஃகுத் தகடுகளால் செய்து, கடலில் இழுத்துப்போய், அடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் செங்குத்தாக நிமிரும். அங்கிருந்தே கிளம்பும். முதல் கட்டத்துக்கு ஒரே இன்ஜின். பம்பு கிடையாது, டாங்கியில் கொடுக்கும் அழுத்தமே மண்ணெண்ணெயையும் ஆக்சிஜனையும் தள்ளும். சின்ன ராக்கெட்டுகளைத் தண்ணீரிலிருந்து ஏவி, மீட்டு, மறுபடியும் ஏவிக் காட்டினார்கள். பெரியது காகிதத்தோடு நின்றுவிட்டது.

அதன் படத்தை ஜெராக்ஸ் எடுத்து அண்ணாச்சியிடம் காட்டினேன். பம்பு இல்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சுழலும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி என்பது அவர் கட்சி. கப்பல் வெல்டர்களே கட்டலாம் என்றதும் இன்னும் சந்தோஷம். உந்துவிசை எவ்வளவு என்று கேட்டார். 36,000 டன் என்றேன். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் ஒரு எஃப்-1 இன்ஜின் 680 டன்தான். அதன் எரிப்பு நிலையற்று அதிர்வதை அடக்கவே, எரியும் அறைக்குள் சின்ன வெடிகளை வெடித்து வெடித்துச் சோதிக்க வேண்டியிருந்தது. இது அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல்.

"இத எங்க கட்டிப்போட்டு ஓட்டிப் பார்ப்பாங்க, தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்த சோதனை மேடையை இருவரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தோம்.

அந்த ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய லாக்கரைக் காலி செய்ய நானும் போயிருந்தேன். கதவின் உட்புறத்தில் சீ டிராகன் ஒட்டியிருந்தது, ஓரங்கள் மஞ்சளாகி. ஆக்சிஜன் டாங்கியின் அடியில் பென்சிலால் ஒரு சின்ன வால்வு வரைந்து, அதிலிருந்து கடல்பக்கமாக ஒரு கோடு இழுத்திருந்தார்.