மசாக்காவிலருந்து மாதாவுக்கு ஒரு புடவை

உகாண்டாவிலருந்து திரும்பி வந்த அன்னிக்கு நாங்க ஏர்போர்ட்லருந்து வீட்டுக்குப் போகல, டாக்ஸிய நேரா பெங்களூர் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோவிலுக்கு விடச் சொன்னோம். அடிஸ் அபாபால ஃப்ளைட் மாறி, இங்க ஹெல்த் கவுன்டர்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டக் காட்டி, ரெண்டு பெட்டியோட காலைப் பூசைக்கு கடைசி பெஞ்சுல போய் உக்காந்தோம். மாதா அன்னிக்கு பச்சைப் புடவை கட்டியிருந்தாங்க. எவ்வளவோ சொல்லணும்னு மனசுல வச்சிருந்தேன், வாயில வந்தது "போயிட்டு வந்துட்டோம்மா" அவ்வளவு தான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன மூணாவது வருஷம் ஒரு கன்னியர் சபை மூலமா 11 மாசத்துக்கு மிஷன் வேலைக்குப் போனோம். இவருக்கு வயரிங், சோலார் வேலை தெரியும், நான் தையல்காரி. ஊரு மசாக்கா பக்கத்துல ஒரு கிராமம், செம்மண்ணு, எங்க பாத்தாலும் வாழை. எங்களப் பாத்ததும் எந்தக் கடைன்னு தான் முதல்ல கேட்டாங்க, ஏன்னா அங்க இந்தியாக்காரங்கன்னா யாவாரிங்க. மெஷின தோள்ல தூக்கிட்டு வந்தத பாத்தப்புறம் தான் நம்புனாங்க. முதல் நாள் தையல் கிளாஸ்க்கு வந்த பொண்ணுங்க வாசல்லயே முட்டி போட்டு வணக்கம் சொன்னாங்க, நான் பதறிப் போய் கையப் பிடிச்சு எழுப்பினேன், அப்புறம் சிஸ்டர் சொன்னாங்க, பெரியவங்களுக்கு அப்படித்தான் இங்க மரியாதை, எழுப்பாதீங்க, வாங்கிக்கங்கன்னு. வாங்கிக்கிறதுக்குக் கத்துக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. வேலை செஞ்சிட்டு இருக்கும்போது அந்தப் பக்கம் போறவங்க யாரா இருந்தாலும் "வெபாலே எமிரிமு"ன்னு சொல்லிட்டுத் தான் போவாங்க, உன் வேலைக்கு நன்றின்னு அர்த்தம், நான் தைக்கிறது அவங்க துணி கூடக் கிடையாது.

கிளம்பறதுக்கு முன்னாடி நான் மாதாகிட்ட ஒரு நேர்த்தி வச்சிருந்தேன், நல்லபடியா போயிட்டு வந்தா உனக்கு ஒரு பட்டுப்புடவை சாத்தறேம்மான்னு. இத ஞாபகம் வச்சுக்கங்க.

ஜூன் 3 அங்க மறைசாட்சிகள் திருநாள், விசுவாசத்துக்காக உயிர விட்டவங்களோட நாள், நாட்டுக்கே லீவு. எங்க பங்குலருந்து, அவங்கள எரிச்ச நமுகோங்கோவுக்கு நடந்து போனாங்க, 140 கிலோமீட்டருக்கு மேல, 5 நாள். எங்கம்மா 50 வயசுல காவி கட்டிக்கிட்டு பெங்களூர்லருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தவங்க, அந்த தைரியத்துல நானும் கிளம்பிட்டேன். ராத்திரி பள்ளிக்கூட வராண்டால படுக்கை, விடியறதுக்கு முன்னாடி ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடை, பாட்டு நிக்கவே நிக்காது. கயாப்வேங்கற இடத்துல ரோடு பூமத்திய ரேகையத் தாண்டுது, ரெண்டு பக்கமும் வெள்ளை வளையம் கட்டி வச்சிருக்காங்க, அங்க தான் என் குதிகால் கொப்புளம் உடைஞ்சுது. இனிமே வேன்ல வரேன்னு உக்காந்துட்டேன். டயர்ல வெட்டின செருப்பு போட்ட ஒரு பாட்டி வந்து, ஒண்ணும் பேசல, ஜெர்ரி கேன்லருந்து தண்ணி ஊத்தி என் காலக் கழுவி, தன் தலைத்துணியக் கிழிச்சு சுத்திட்டு எழுந்து போயிட்டாங்க. அந்தக் கிழிஞ்ச துணி இன்னும் என் பைபிள்ல இருக்கு.

நமுகோங்கோல 1886 ஜூன் 3ம் தேதி சார்லஸ் லுவாங்காவ கால்லருந்து மேல மெதுவா எரிச்சிருக்காங்க, கூட இருந்த பசங்கள நாணல் பாயில சுத்தி எரிச்சாங்க. பெரும்பாலும் புகாண்டா ராஜா முவாங்காவோட அரண்மனைல வேலை பாத்த பசங்க, விசுவாசத்த விட மாட்டோம்னதுக்காக. அதுல கிசிட்டோங்கற பையனுக்கு 14 வயசு தான்னு சொல்றாங்க. கத்தோலிக்கர் 22 பேர், ஆங்கிலிக்கன் 23 பேர், ரெண்டு சபைக்கும் அங்க பக்கத்துப் பக்கத்துல கோவில் இருக்கு. கத்தோலிக்கக் கோவில் பசிலிக்கா, அதாவது பாப்பரசர் தனிச் சிறப்பு குடுத்த கோவில், அவங்க ஊர் குடிசை மாதிரியே கூம்பா இருக்கும், சுத்தி செம்புத் தூண் 22. அந்தக் கூட்டத்துல நின்னப்ப எனக்கு நம்ம சிவாஜிநகர் கோவில் தான் ஞாபகம் வந்தது. செஞ்சிப் பக்கத்துலருந்து வந்த நம்ம தமிழாளுங்க கூரை போட்டுக் கும்பிட்ட இடம் அது, இப்ப இருக்கற கட்டடத்த 1882 செப்டம்பர் 8ல மந்திரிச்சாங்க, அதுக்கு 4 வருஷம் கழிச்சு நமுகோங்கோல இந்தப் பசங்க எரிஞ்சிருக்காங்க. 1964ல இவங்களுக்குப் புனிதர் பட்டம் குடுத்த 6ம் பவுல் பாப்பரசர் தான் நம்ம கோவில பசிலிக்கா ஆக்கினதும். ஒரே வீட்டு ரெண்டு அறை மாதிரி இருந்துச்சு எனக்கு.

நடந்து திரும்பி ஊருக்குள்ள நுழையும்போது, வாழைத்தோட்டத்துக்குள்ளருந்தெல்லாம் "குலிக்காயோ, குலிக்காயோ"ன்னு சத்தம். பயணம் போய் வந்தவங்களுக்கு சொல்ற வார்த்தை அது. நல்லபடியா திரும்பி வந்துட்டியே, அப்படின்னு. தமிழ்ல ஒரே வார்த்தையில அதச் சொல்ல எனக்கு இன்னும் வரல.

ஊருக்குக் கிளம்புற நேரத்துல கையில காசு சுத்தமா இல்ல, பட்டுப்புடவை நேர்த்தி நெஞ்சுல முள்ளா குத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு தையல் கிளாஸ் பொண்ணுங்க 14 பேரும் சேர்ந்து ஒரு பொட்டலம் குடுத்தாங்க. பிரிச்சா கிட்டெங்கே துணி, நீலத்துல பெரிய பெரிய மஞ்ச விசிறி போட்டது, கஞ்சி வாசம் போகாதது. அளந்து பாத்தேன், தையல்காரி கை சும்மா இருக்காதே. சரியா 6 கஜம். அங்க அந்தத் துணி 6 கஜமாத்தான் விப்பாங்களாம், எனக்குத் தெரியாது. நான் அழுதேன்னா, ஏன் அழறேன்னு அவங்களுக்குப் புரியல. ஓரம் பூரா ஆளுக்குக் கொஞ்சம்னு கையாலயே அடிச்சிருந்தாங்க. எந்த தையல் எந்தப் பொண்ணுதுன்னு என்னால சொல்ல முடியும், ஒருத்தி நெருக்கமா போடுவா, ஒருத்தி இழுத்துடுவா, கடைசி ஒரு முழத்துக்கு மஞ்ச நூல் தீர்ந்து போய் சிவப்பு நூல் போட்டிருந்தாங்க. நேர்த்தி வச்சது நான், அதுக்குத் துணி எடுத்துக் கரை அடிச்சது அந்தப் பிள்ளைங்க.

இங்க வந்தா எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை பேர மனந்திருப்புனீங்க? எனக்கு மனசு கஷ்டமாயிடும். அங்க 1879லயே கத்தோலிக்க குருக்கள் வந்துட்டாங்க, நாங்க இருந்த ஊர்ல பாதிப் பேருக்கு மேல எனக்கு ஜெபம் சொல்லித் தரக்கூடியவங்க. நாங்க பிளவுஸ் வெட்டக் கத்துக் குடுத்தோம், டிஸ்பென்சரிக்கு லைட்டு போட்டோம். இவரு பொறுமையா இதையே எல்லாருக்கும் சொல்லுவாரு, நான் பேசாம இருந்துடுவேன்.

துணியப் பாத்து எங்கம்மாவே, "ஏன்டி, மாதாவுக்குப் போய் ஜன்னல் ஸ்க்ரீன சாத்துவாங்களா"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுது. ஆகஸ்ட் 29 கொடியேத்தம், நவநாள் முழுக்க எவ்வளவு பட்டு வந்துச்சு, தேர் அன்னிக்கு ஜரிகை மின்னுச்சு. கோவில்ல நான் குடுத்தத வாங்கின அண்ணன் விரிச்சுப் பாத்துட்டு, "முந்தானை எதும்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. முந்தானை இல்லண்ணே, எல்லாப் பக்கமும் ஒண்ணு தான்னேன். பேர எழுதிக்கிட்டாரு. அதுலருந்து அம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லாம தினம் காலைப் பூசைக்குப் போய் எந்தப் புடவைன்னு பாத்துட்டு வருவாங்கன்னு இவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்டோபர்ல ஒரு செவ்வாய்க்கிழமை, கடையத் திறந்துட்டு இருக்கேன், அம்மா போன். "வந்து பாரு"ன்னாங்க, கட் பண்ணிட்டாங்க. ஆட்டோ பிடிச்சு ஓடினேன். நீலமும் மஞ்ச விசிறியுமா மாதா நிக்கறாங்க, கஞ்சி இன்னும் போகல, மடிப்பு விழாம விறைப்பா நிக்குது, கீழ ஓரத்துல அந்த ஒரு முழம் சிவப்பு நூல் தெரியுது. முட்டிவலின்னு ரெண்டு வருஷமா நாற்காலில உக்காந்தே ஜெபம் சொல்ற எங்கம்மா, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, பெஞ்சைப் பிடிச்சு மெதுவா முட்டி போட்டாங்க.