செகண்ட் ஹேண்ட் பிக்கப்: மைலேஜ் பார்த்த கதையும் என்.ஓ.சி.க்கு அலைந்த கதையும்

வாங்கிய பழைய பிக்கப்பின் ஆர்.சி. (பதிவுச் சான்று) ஒருவழியாக என் பெயருக்கு மாறிவிட்டது. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், பட்டதெல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தாளவாடியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு முட்டைக்கோஸ், பீட்ரூட் இறக்குகிறோம். திரும்பும்போது உர மூட்டை, மாட்டுத் தீவனம் ஏறும். வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசில் சொந்த வண்டிக்கு டியூவே கட்டிவிடலாம் என்று மச்சானும் நானும் பேசி முடிவெடுத்தோம். புது வண்டி கைக்கு எட்டாது. அதனால் பழைய பிக்கப். போலீரோவா, தோஸ்த்தா என்று கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. தோஸ்த்தில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின், டீசல் செலவு குறைவு. போலீரோவில் 2.5 லிட்டர், இழுவை அதிகம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டையோடு ஏறவேண்டிய வண்டி என்பதால் பெரிய இன்ஜின் என்று மச்சான் தீர்மானமாகச் சொன்னான். ஓட்டப்போகிறவன் அவன்தான்.

பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு அளவு) வண்டிகள் 2020 ஏப்ரலிலிருந்து வந்தவை. நாங்கள் வேண்டுமென்றே அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டியாகத் தேடினோம். பி.எஸ்.6 வண்டியில் மலைமேல் சென்சார் போனால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது, கீழே இறக்கத்தான் வேண்டும்.

இப்போது மைலேஜ். எங்கள் பக்கம் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்குகளில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "லோடோட பதினஞ்சு கண்டிப்பா கொடுக்கும்ங்ணா." இந்தப் பதினைந்தை நம்பி ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் டீசல் 92 ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. லிட்டர் 93 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 200 லிட்டர் போதும். அதுவே 11 கொடுத்தால் ஏறக்குறைய 273 லிட்டர். மாதத்துக்கு 6,700 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், வருடத்துக்கு 80 ஆயிரம். விலையில் பத்தாயிரம் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறோம், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே நாங்களே அளந்து பார்ப்பது என்று இருந்தோம். பங்க்கில் தானாக கட் ஆஃப் ஆகும்வரை டேங்கை நிரப்பி, மீட்டரை போட்டோ எடுத்து, சுமையோடு நூறு கிலோமீட்டராவது ஓட்டி, திரும்பி அதே பங்க்கில் அதே பம்பில் மறுபடி கட் ஆஃப் வரை நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. இதற்குப் பெரும்பாலான கன்சல்டிங்கில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒரு ரவுண்டு வேணா ஓட்டிப் பாருங்க" என்பார்கள். டீசல் எங்கள் காசு, உங்கள் ஆள் கூடவே வரட்டும் என்று சொன்ன பிறகும் மறுத்த இடங்களை விட்டு வந்துவிட்டோம். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை.

இன்னொன்று. வண்டி பார்க்கக் காலையில் வருகிறோம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். ஒரு இடத்தில் அப்படிச் சொல்லியும், போய் பானட்டில் கை வைத்தால் சூடு. கேட்டதற்கு, ஓரமாக எடுத்து நிறுத்தினோம் என்றார்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை. பேக் கம்ப்ரஷன் அதிகம், அதாவது எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. காலையில் சில்லென்று இருக்கும்போது எடுத்தால் ஸ்டார்ட் ஆக எவ்வளவு திணறியிருக்கும் என்று புரிந்துவிட்டது. பிஸ்டன், ரிங் வேலை வந்தால் லட்சத்தை நெருங்கிவிடும் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

வேறொரு வண்டி பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. மீட்டர் 80 ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரோ மழமழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து பழைய சர்வீஸ் விவரம் கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்பே 1,40,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்தது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிழைப்புக்காகக் கடன் வாங்கி வருகிறவனிடம் செய்கிற காரியமா இது? எல்லா சென்டரிலும் விவரம் தந்துவிட மாட்டார்கள். கேட்பதில் நட்டமில்லை, விற்கிறவரையே கூட்டிப்போய்க் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும்.

கடைசியில் நாங்கள் வாங்கிய வண்டியும் சோதனையில் 11-க்குக் கீழேதான் கொடுத்தது. சொன்னது வழக்கம்போல பதினைந்து. மச்சான் வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டான். மெக்கானிக் அண்ணன்தான் பொறுங்கள் என்றார். புகையில் கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. கறுப்பு வந்தால் இன்ஜெக்டர், பம்ப் அல்லது ஏர் ஃபில்டர் என்று சந்தேகப்படலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டார். இன்ஜின் உடனே அணைந்தது, அதாவது கிளட்ச் வழுக்கவில்லை. அப்புறம் புளியம்பட்டி ரோட்டில் சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, நிறுத்தி இறங்கி, நாலு சக்கரத்திலும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். மூன்று சக்கரமும் வெதுவெதுப்பு. பின்பக்கம் இடது டிரம்மில் மட்டும் கை வைக்க முடியவில்லை, அனல் அடித்தது. "இது இன்ஜின் குடிக்கிற டீசல் இல்லைங்க, பிரேக் குடிக்கிற டீசல்" என்றார். பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டரும் மண் அடைத்துக் கிடந்தது.

மைலேஜ் குறைவாக வந்தால் எதனால் குறைகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிரேக் ஜாம், டயர் காற்று, வீல் அலைன்மென்ட், ஃபில்டர் எல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. இன்ஜின் தேய்மானம் அப்படியில்லை. அந்த 11-ஐக் காட்டியே விலையில் நல்ல தொகை குறைத்தோம். பங்க் பில் கையில் இருந்ததால் விற்றவரால் மறுத்துப் பேச முடியவில்லை.

அடியில் படுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டை சேஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, அங்கே மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூடுதல் பட்டை போட்டிருந்தால் மணலோ செங்கல்லோ அளவுக்கு மீறி ஏற்றியிருப்பார்கள்.

வண்டி விஷயம் இவ்வளவுதான். உண்மையில் எங்களை உலுக்கியது காகிதம்.

பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டதுமே ஹெச்.பி. (வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) இருப்பது தெரிந்துவிட்டது. கடன் எப்போதோ அடைத்தாயிற்று, ஃபைனான்ஸ் கொடுத்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) ஹெச்.பி. நீக்கும் படிவம் 35-ம் பத்திரமாக இருக்கிறது என்று விற்றவர் எடுத்துக் காட்டினார். தேதியைப் பார்த்தால் வருடக்கணக்கில் பழையது. இந்த என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஹெச்.பி. கேன்சல் பண்ணியிருக்க வேண்டும், அவர் பண்ணவில்லை. புதிது வாங்கித் தருவது விற்றவர் பொறுப்பு என்று அங்கேயே எழுதி வாங்கினோம், விலையில் 50 ஆயிரத்தையும் நிறுத்தி வைத்தோம். ஆர்.சி. என் பெயருக்கு வந்த பிறகே அந்தப் பணம் என்று டெலிவரி நோட்டிலேயே (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போட்டார். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் இருக்கட்டும். அதற்கு முந்தைய அபராதமோ விபத்தோ நம்முடையது இல்லை என்று காட்ட உதவும்.

அந்த ஃபைனான்ஸின் உள்ளூர் கிளையை மூடிவிட்டிருந்தார்கள். அடுத்த ஊர் கிளைக்குப் போனால், கடன் வாங்கியவர் நேரில் வரவேண்டும் என்றார்கள். அவரைக் கூட்டிப்போனால், சென்னைக்கு மெயில் போட்டிருக்கிறோம், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை. நாங்களே திரும்பத் திரும்பப் போய் நின்றபின் ஒருவழியாகத் தாள் வந்தது. வாங்கி அங்கேயே ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன். சேஸ் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தது! கவுன்டரில் இருந்தவர், "இதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பார்க்க மாட்டாங்க" என்றார். பார்ப்பார்கள். கண்டிப்பாகப் பார்ப்பார்கள். திருத்தித் தரும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மூடும் நேரத்தில் சரியான தாள் கைக்கு வந்தது. அன்று கிளம்பியிருந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேறு மாதிரி. எங்கள் அலுவலக எல்லைக்குள்ளேயே பதிவான வண்டி என்பதால் ஒரு படி மிச்சம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் தயார். ஆனால் ஆன்லைனில் ஓ.டி.பி. போவது விற்றவருடைய பழைய நம்பருக்கு, அந்த சிம் அவரிடம் இல்லை. முதலில் மொபைல் நம்பரை மாற்ற வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "ஆர்.சி.யில் எந்த நம்பர் இருக்கிறது, இப்போது உங்கள் கையில் இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். அதன் பிறகு போனால் பசுமை வரி பாக்கி என்றார் எழுத்தர். ஏழு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு அது உண்டு. கட்டி ரசீதோடு போனால், இன்ஷூரன்ஸ் நகல் தெளிவாக இல்லை என்றார். முதல் நாளே மூன்றையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பிழைப்பு போகிறது. பிறகு நான் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "இன்னும் என்னென்ன குறை இருக்குங்க, எல்லாத்தையும் இதுல எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தவர், ஒன்றுமில்லை, கொடுங்கள் என்று ஃபைலை எடுத்துக்கொண்டார்.

இடையில் ஒரு புரோக்கர், பர்மிட்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்டார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். மச்சானுடைய எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதாது என்றும் சொன்னார். 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வண்டிக்கு அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதைச் சொன்னதும் புரோக்கர் பேச்சை மாற்றினார்.

பணத்தை நிறுத்தி வைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த 50 ஆயிரம் நிற்காமல் இருந்திருந்தால் விற்றவர் ஃபைனான்ஸுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எங்களோடு வந்திருப்பாரா? சந்தேகம்தான். மனிதர் நல்லவர், ஆனால் அவருக்கும் வேலை இருக்கிறதே. பெயர் மாறிய அன்று மாலையே மீதியை அனுப்பிவிட்டேன்.

பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், எல்லா ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட், பின் டயர் இரண்டு மாற்றியாயிற்று. இப்போது மலை ஏறி இறங்கி, சுமையோடு 13-க்கு மேல் கொடுக்கிறது. நிரப்பும் ஒவ்வொரு தடவையும் மச்சான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். திடீரென்று ஒரு கிலோமீட்டர் குறைந்தால் முதலில் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறான்.

இன்னும் ஒன்று பாக்கி. தமிழ்நாட்டில் இப்போது ஆர்.சி.யைக் கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வரும். முகவரியில் கதவு எண்ணும் ஓடுகிற மொபைல் நம்பரும் சரியாக இருக்க வேண்டும். தபால்காரருக்கு வீடு தெரியவில்லை என்றால் அட்டை அலுவலகத்துக்கே திரும்பிவிடும், பிறகு அதற்கு ஒரு தடவை இறங்க வேண்டும். நான் எங்கள் ஊர் தபால் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், வந்த அன்றே போன் செய்துவிட்டார்கள்.