முப்பத்தைந்து நாள்

ஜூன் 1, ஞாயிறு

தொடங்கிவிட்டேன். முதல் அத்தியாயம் நாலு பக்கம் வந்திருக்கிறது. 1964 அக்டோபர் 30, டெல்லி. டைப்ரைட்டர் முன்னால் ஒரு பெண், விரல் நுனியெல்லாம் கார்பன் மை. 525,000 என்ற எண்ணை அடிக்கிறாள். அடித்துவிட்டுக் கையைப் பார்க்கிறாள். அந்தப் பெண் என் கற்பனை. எண் கற்பனை இல்லை.

மழை விடவில்லை. அப்பாவுக்கு ராத்திரி பூராவும் இருமல்.

ஜூன் 2, திங்கள்

அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், எங்கள் மலையகத் தமிழ் ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்டது. டிசம்பர் 3 சிறிமாவின் அரசாங்கம் கவிழ்ந்தது. இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் 35. பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடியும் விரல்விட்டு எண்ணினேன், 35தான். இங்கிலாந்து நாவலாசிரியர் ஃபோர்சைத் 1970 ஜனவரியில் உட்கார்ந்து முதல் நாவலை முடித்ததும் 35 நாளில். இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைவு. நாளுக்கு ஓர் அத்தியாயம். ஜூலை 5 சனிக்கிழமை முடிந்துவிட வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். போகவந்தலாவையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அடையாள அட்டையில் முத்தம்மா, பிறப்புச் சான்றிதழில் முத்தாயி, கல்யாணப் பதிவில் முத்துலெட்சுமி. முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஈ.பி.எஃப். சேமலாப நிதிக் காசு அந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி டைப் பண்ணிக் கொடுத்தேன். ஒப்பம் வைக்கும்போது "எந்தப் பேர வைக்கிறது தம்பி?" என்று கேட்டார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. அட்டையில் இருக்கிறதை வையுங்கள் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

கரண்ட் இல்லை. எழுதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவுக்கு, இந்தியாவுக்குப் போய்விட்ட அத்தையைப் பார்க்க வேண்டுமாம். போன வருடமும் சொன்னார், ஆனால் இந்த முறை சொன்ன விதம் வேறு. "கூடலூர் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டார். பிளேனில் ஏறினால் ஒன்றுமில்லை அப்பா என்றேன். "அவள் போறதுக்கு எத்தன நாள் ஆச்சு தெரியுமா" என்றார். பிறகு பேசவில்லை.

பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அப்பாவிடம் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் கொப்பியின் கொப்பி, பாதி எழுத்து அழிந்துபோனது. வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கையில்கூட வாங்கவில்லை. ஒரிஜினல் கொண்டுவா என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாள் முழுக்க மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புகிறவன் நான். என் அப்பாவுக்காக நின்றபோது வாய் வரவில்லை.

எட்டு அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

ஜூன் 10, செவ்வாய், பொசன்

போயா, பௌர்ணமி விடுமுறை, கடை இல்லை. காலையில் போனைத் திறந்ததும் அந்தச் செய்தி. ஃபிரெடரிக் ஃபோர்சைத் நேற்று இறந்துவிட்டார். 86 வயது.

கொஞ்ச நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பார்த்துப் பழகாத ஒரு வெள்ளைக்காரருக்காக ஏன் இப்படி ஆகிறது என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1989. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், சும்மா இருந்த காலம். வெளியில் போக பயமான காலமும்கூட. தோட்டத்து கிளப்பில் கழித்துப்போட்ட புத்தகக் கட்டு ஒன்றை கிளாக்கர் ஐயா கொடுத்தார். அதில் அட்டை இல்லாமல் ‘த டே ஒஃப் த ஜெக்கல்’. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு பக்கம், ஏழு பக்கம். பிரான்ஸ் ஜனாதிபதி டி கோலைக் கொல்ல ஒருவன் வருகிறான். டி கோல் அப்படிச் சாகவில்லை என்று உலகத்துக்கே தெரியும். அவர் வீட்டில்தான் இறந்தார், 1970 நவம்பரில். எழுதிய கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஃபோர்சைத் பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கியபோது மனிதர் உயிரோடவே இருந்தார். முடிவு தெரிந்த கதையை யார் வாசிப்பார் என்று திருப்பி அனுப்பினார்கள். 1971இல் ஒருவர் துணிந்து போட்டார். முடிவு தெரிந்தும் அந்தக் கடைசி இருபது பக்கத்தை நான் நின்றுகொண்டே வாசித்தேன். உட்கார முடியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுத வந்தேன். எங்கள் கதையின் முடிவும் எல்லோருக்கும் தெரியும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில் கோச்சி போனது. கப்பல் போனது. தெரிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அப்படி எழுத முடியும் என்று எனக்குக் காட்டியவர் அவர்.

அதைவிட, அவர் வந்த வழி. 19 வயதில் ஜெட் விமானம் ஓட்டியவர். ரொய்ட்டர்ஸ் நிருபராக பாரிஸில் இருந்தபோது, 1962இல் டி கோலின் கார்மேல் நிஜமாகவே சுட்டார்கள். பிறகு பி.பி.சி.க்காக நைஜீரியா போனார். நைஜீரியாவிலிருந்து பிரிந்து யுத்தத்தில் சிக்கிய பியாஃப்ராவில் பிள்ளைகள் பட்டினியில் சாவதைப் பார்த்தார். அங்கே நடப்பதைச் சொல்ல விடவில்லை என்று வேலையை விட்டுவிட்டு, யாரும் அனுப்பாமலே திரும்பிப் போனார். அந்த யுத்தத்தைப் பற்றி 1969இல் அவர் எழுதியதுதான் முதல் புத்தகம். அது அவருக்குச் சோறு போடவில்லை. லண்டனுக்கு வெறுங்கையோடு வந்து, தெரிந்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, டைப்ரைட்டரைத் தட்டினார். 35 நாள். அவர் நாவலில் ஓர் எழுத்தர் எந்தக் கதவால் உள்ளே போவார், எந்தக் கடதாசியில் எங்கே முத்திரை விழும் என்பதெல்லாம் அப்படித் துல்லியமாக இருக்கிறதென்றால், அது நிருபரின் கண். உண்மையைச் சொல்ல இடம் கிடைக்காதவன் கதையில் ஒரு முத்திரையைக்கூடப் பிழையாக வைக்க மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

பக்கத்து லயத்தில் தன்சல், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற கூட்டம். மகள் ஒரு கப் சவ்வரிசிக் கஞ்சி வாங்கி வந்தாள். அப்பா இரண்டு வாய் குடித்தார்.

ஜூன் 11, புதன்

ஏழு.

ஜூன் 14, சனி

நேற்றிலிருந்து ‘ஜெக்கல்’ நாவலின் ஓர் இடமே மண்டைக்குள் ஓடுகிறது. கொலைகாரன் இங்கிலாந்தில் கிராமத்துக் கல்லறைகளாகத் திரிகிறான். தன் வயதில், சின்னதிலேயே இறந்துபோன ஒரு பிள்ளையின் கல்லைத் தேடுகிறான். கிடைத்ததும் அந்தப் பிள்ளையின் பெயரில் பிறப்புச் சான்றிதழ் எடுக்கிறான், அதைக் காட்டி பாஸ்போர்ட் வாங்குகிறான். அவ்வளவுதான். நிஜத்திலும் அப்படிச் செய்ய முடிந்தது. நாவல் வந்து எத்தனையோ வருடம் அந்த ஓட்டை அடைபடாமலே இருந்தது, அந்த மோசடிக்கு நாவலின் பெயரையே வைத்தார்கள்.

வாசிக்கிறவர்கள் அவன் புத்தியை மெச்சுவார்கள். நான் முதல்முறை வாசித்தபோது அந்தக் கல்லில் நின்றுவிட்டேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல். கல்லில் பெயர். பெயருக்குப் பதிவு. எங்கள் பிள்ளைகளை ஏழாம் நம்பர் மலையில் வாகை மரத்தடியில் புதைத்தோம், அடுத்தமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்குள் இடம் தெரியாமல் போனது.

ஒரு கடதாசி இருந்தால் இன்னொருவனாகவே ஆகிவிடலாம் அங்கே. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இங்கே பிறந்தவர்கள் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவே கடதாசி இல்லை. இந்த இரண்டையும் ஒரே நாவலில் வைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. டைப்பிஸ்ட் பெண்ணின் அப்பா ஒரு கணக்கப்பிள்ளையாக இருந்தால்?

ஜூன் 17, செவ்வாய்

அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பேசினார். அத்தை போன அன்று கொட்டகலையிலேயே அவரும் கோச்சியில் ஏறிக்கொண்டாராம், ஹட்டன்வரை கூடப் போக. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனதும் ஒரே இருட்டு. "அந்த இருட்டுலதான் எல்லாரும் சத்தமா அழுதாங்க. வெளிச்சம் வந்ததும் நிப்பாட்டிட்டாங்க" என்றார். அத்தை அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாளாம். ஹட்டனில் இறங்கும்போது பொத்தான் ஒன்று அவள் கையிலேயே போய்விட்டது.

ஒப்பாரிக் கோச்சி என்று ஊரே சொல்லும். ஒப்பாரியை இருட்டுக்காக வைத்திருந்தார்கள் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

பத்தாவது அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். ஒரே தகவல். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர், அதில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் கூட அந்த மேசையில் இல்லை. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டினால் கதை எங்கே இருக்கிறது? எண்ணைச் சொல்லக் கூடாது. எண்ணைத் தெரிந்துகொண்ட ஒருத்தி அதை யாரிடமும் சொல்ல முடியாமல் கொழும்பிலிருந்து ராத்திரி மெயில் கோச்சியில் வருவதை எழுத வேண்டும்.

கடைசி அத்தியாயம் மட்டும் தெளிவாக இருக்கிறது. டிசம்பர் 3, சபை. அரசாங்கத்தின் மூத்த அமைச்சர் சி.பி. டி சில்வா எழுந்து எதிர்ப்பக்கம் நடக்கிறார், பின்னாலேயே 13 பேர். 74க்கு 73. ஒரே ஒரு வாக்கு. பத்திரிகைக் கம்பனியை அரசு எடுக்கப் பார்த்ததற்காக விழுந்த அரசாங்கம் அது, எங்களுக்காக அல்ல. அரசாங்கம் போனது, ஒப்பந்தம் போகவில்லை. அந்தப் பெண் கலரியில் உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் கத்தும்போது அவள் மட்டும் இனி எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பாள். வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், மாறாது என்று.

இதை எழுதத்தான் இத்தனையும்.

ஜூன் 22, ஞாயிறு

ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒரிஜினலைத் தேடி. அம்மாவின் கல்யாணச் சேலை, அதற்கடியில் தாத்தாவின் துண்டுச் சீட்டுகள், அதற்கும் அடியில் கோதுமை மா சாக்குத் துணியில் சுற்றிய இரண்டு கடதாசி.

ஒன்று சுப்பையா, 1945. அப்பாவின் அட்டையில் இருப்பதும் அதேதான்.

மற்றது 1949 பெப்ரவரி. அதே தாத்தா, அதே அப்பாயி, அதே தோட்டம். ஆண். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பேனா மை ஊறி, கோட்டின் வலது முனை மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது.

அப்பாவை வீட்டில் எல்லோரும் ராசு என்பார்கள். அத்தைக்கு ராசண்ணன். சுப்பையா என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஐம்பத்து நாலு வருடத்தில் இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஜூன் 23, திங்கள்

கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கேட்கவில்லை. அத்தியாயமும் எழுதவில்லை.

ஜூன் 25, புதன்

கேட்டேன்.

ராத்திரி பிளேன்டி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கடதாசியையும் போர்வைமேல் வைத்தேன். கண்ணாடி கேட்டார். போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோடு இருந்த கடதாசியைத் தொட்டு, "இது நான்" என்றார்.

அண்ணன் மூன்று வயதில் போய்விட்டான், வாந்திபேதி. அடுத்த வருடம் இவர் பிறந்தார். ஸ்டோருக்குப் பக்கத்துக் கந்தோரில் பதிந்தபோது பெயர் வைத்திருக்கவில்லை, பிறகு போய்ச் சேர்க்க யாருக்கும் ஒரு நாள் கூலியை விட முடியவில்லை. பெரியவனாகி பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட வேண்டி வந்தபோது கணக்கப்பிள்ளை தாத்தாவிடம், "பேர் இருக்கிற கடதாசியக் கொண்டா" என்றாராம். தாத்தா கொண்டுபோய்க் கொடுத்தார். "அன்னையில இருந்து நான் சுப்பையா. அவன் பேருலதான் நான் இந்த நாட்டுல இருக்கேன், தம்பி."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை.

ஃபோர்சைத் 2015இல் எழுதிய சுயசரிதையில், 20 வருடத்துக்கு மேல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவியதாகச் சொன்னார். அத்தனை காலம் ஒரு மனிதர் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தார் என்று அன்று அதிசயப்பட்டேன். என் அப்பா அறுபது வருடமாக இருந்திருக்கிறார், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல், காலை ஆறு மணிப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது செத்த அண்ணனின் பெயருக்கு "இருக்கேன்யா" என்று பதில் சொல்லிக்கொண்டு.

ஜூன் 27, வெள்ளி

இதைப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவிடமே கேட்டேன். "எழுது. இனி என்னைய எங்க அனுப்பப் போறாங்க" என்றார்.

என் பெயருக்கு முன்னால் இருக்கிற சு. இரண்டு நாவலின் அட்டையிலும் அச்சாகியிருக்கிறது. மூன்று வயதில் போன பெரியப்பாவின் எழுத்து அது. இன்று ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிப் போனேன். பனி இறங்கி எதுவும் தெரியவில்லை. வாகை மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். எந்த இடம் என்று தெரியாமல் சும்மா ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

‘ஜெக்கல்’ நாவலின் கடைசியில் கொலைகாரனை பாரிஸ் பக்கத்தில் பெயர் இல்லாத குழியில் புதைக்கிறார்கள். அவன் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. முன்பு அதை நல்ல முடிவு என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஒக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கட்டில் தலைமாட்டு அட்டையில் சுப்பையா, 80. அப்பாவுக்கு 76.

வயதை வைத்துத்தானே மருந்து கொடுப்பார்கள் என்று பயம் வந்துவிட்டது. வார்டில் இருந்த சின்ன டொக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். பரவாயில்லை, நாலு வருடத்தில் ஒன்றும் மாறாது என்றார். நல்ல பிள்ளை.

ஜூலை 1, செவ்வாய்

அத்தை வீடியோவில் வந்தார். அப்பா மாஸ்க்கை ஒருகையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். அத்தை ஒன்றும் பேசாமல் எதையோ கேமராவுக்கு நேராகப் பிடித்தார். கலங்கலாகத்தான் தெரிந்தது. வெள்ளைப் பொத்தான், நாலு துளை, ஒரு துளையில் நூல் இன்னும் இருந்தது.

ஜூலை 3, வியாழன்

முப்பத்து மூன்றாம் நாள். பத்தொன்பது அத்தியாயம். சனிக்கிழமை முடியாது, அது பரவாயில்லை. டைப்பிஸ்ட் பெண்ணுக்கு இப்போது ஓர் அண்ணன் இருக்கிறான்.

இன்று வேறொரு கந்தோரில் ஒரு அம்மணி பொறுமையாகக் கேட்டார். பிறப்புப் பதிவில் பெயர் விடுபட்டிருந்தால் இப்போதும் சேர்க்க விண்ணப்பிக்கலாம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று படிவத்தைத் தந்தார். வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து நிரப்பிவிட்டேன். தாத்தா பெயர், அப்பாயி பெயர், தோட்டம், டிவிஷன், திகதி. பெயர்க் கட்டம் மட்டும் மிச்சம். ராசு என்று போடுவதா, ராசையாவா, அல்லது அவர் மனதில் வேறு ஏதாவது வைத்திருக்கிறாரா தெரியாது. இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தூங்குகிறார். எழும்பியதும் கேட்டுப் போடுகிறேன்.